ஆண்டர்சன் துரையும் 405 ரைபிளும்

சென்னையில் இருந்து பம்பாய் மார்க்கத்தில் போகும் ரெயில், ரேணிகுண்டாவை விட்டுச் சிறிது தூரம் போனதும் சேஷாசல மலைக்காட்டை ஒட்டி ஓடத் தொடங்கும். அங்கே மாமண்டூர் என்று ஒரு சிறிய ஸ்டேஷன். கோடூருக்கும் கடப்பைக்கும் வேலை நிமித்தம் போய் வருகிற நம்மவர்களுக்கு அது ஜன்னல் வழியே தெரியும் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவே. ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் புலிவேட்டைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு மாமண்டூரைத் தெரியும். பாக்கராப்பேட்டையைத் தெரியும். சாமளாப் பள்ளத்தாக்கைத் தெரியும். அந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களில் ஏற்றியவர் கென்னத் ஆண்டர்சன். அவர் கையில் இருந்தது ஓர் அமெரிக்கத் துப்பாக்கி. இன்று அந்த வகைத் துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதன் வயதைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வித்தையாகி விட்டது.

ஆண்டர்சன் 1910-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பூர்வீகம் ஸ்காட்லாந்து. ஆனாலும் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே வேர் விட்ட குடும்பம். தகப்பனார் டக்ளஸ் ஆண்டர்சன், ராணுவத்தினருக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் கணக்கு இலாகாவில் அதிகாரி. ஏரிப் பறவைகளைச் சுடுவதில் பிரியம் உள்ளவர். பையனுக்கும் அந்தப் பிரியம் ஒட்டிக்கொண்டது.

படித்தது பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில். பிறகு செயிண்ட் ஜோசப் கல்லூரியில். மகன் வக்கீலாக வேண்டும் என்று எடின்பரோவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். சட்டப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். ஊர் திரும்பியவர் செய்தது என்ன என்பதைத்தான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர் எஸ்டேட் வாங்கவில்லை, கலெக்டர் ஆகவில்லை. தபால் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். அதன் பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில், இன்று நாம் எச்.ஏ.எல். என்று சொல்லும் அதே இடத்தில், திட்டப் பிரிவில் மேலாளர் அந்தஸ்து வரை உயர்ந்தார். ஓரளவு நிலபுலம் இருந்தது என்றாலும், அவரும் மாதச் சம்பளக்காரரே. ஞாயிறு வந்தால்தான் காடு. லீவு மீதி இருந்தால்தான் புலி.

மனைவி பிளாசம் இலங்கையில் இருந்து வந்தவர். ஜூன் என்று ஒரு மகள், டொனால்ட் என்று ஒரு மகன். வீட்டில் ஒரு கரடிக்குட்டியும் வளர்ந்தது. அது வளர்ந்து பெரிதானதும் மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியதும், வீட்டுக்கார அம்மாள் பிரிவு தாளாமல் அதைத் திரும்ப அழைத்து வந்ததும் ஆண்டர்சன் எழுதிய கதை. மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அது பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. புலி சுட்ட ஆண்டர்சனும் கரடி வளர்த்த ஆண்டர்சனும் ஒரே ஆள் என்பது படித்த பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

புலி ஏன் ஆளைத் தின்கிறது?

புலிக்கு மனிதன் இயல்பான இரை அல்ல. மனித வாடை பட்டாலே ஒதுங்கிப் போகும் பிராணி அது. பல் உடைந்தாலோ, முள்ளம்பன்றியின் முள் பாதத்தில் ஏறிப் புரையோடினாலோ, முதுமை வந்து மானைத் துரத்த முடியாமல் போனாலோதான் அது ஊர்ப் பக்கம் திரும்பும். இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் மிகவும் வெட்கக்கேடானது. மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியால் யாரோ சுட்டு, குண்டு தாடையிலோ தோளிலோ தங்கிவிட, புலி நொண்டியாகித் தப்பிவிடும். சுட்டவன் வீட்டுக்குப் போய்விடுவான். அந்தக் காயத்துக்கு வட்டி கட்டுகிறவர்கள் விறகு வெட்டுகிறவர்களும், மாடு மேய்ப்பவர்களும், மூங்கில் வண்டி ஓட்டுகிறவர்களும்.

அரைகுறையாகச் சுடுவது சுடாமல் இருப்பதைவிடக் கொடுமை என்று ஆண்டர்சன் காலமெல்லாம் நினைத்ததற்கு இதுவே காரணம். புலி முன்னால் நிற்கும்போது துப்பாக்கிக்கு இரண்டு குணம் வேண்டும். முதல் குண்டு எலும்பை முறிக்கும் பலத்தோடு போக வேண்டும். அது தவறினால், கண் இமைக்கும் நேரத்தில் அடுத்த குண்டு தயாராக இருக்க வேண்டும். பணக்காரத் துரைமாரும் மகாராஜாக்களும் இதற்காக இங்கிலாந்தில் கையால் செய்த இரட்டைக்குழல் ரைபிள்களை வைத்திருந்தார்கள். அவற்றின் விலை தபால் தந்தி இலாகா சம்பளத்துக்கு எட்டாத உயரம். ஆண்டர்சன் எடுத்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1895 மாடல், 405 போர், அடிலீவர் ரைபிள். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய சரக்கு.

சாமளாப் பள்ளத்தாக்கு

பெங்களூரில் இருந்து கிழக்கே கோலார், முல்பாகல், பலமநேர் வழியாக வந்தால் சித்தூர். வடக்கே மதனப்பள்ளி, பீலேர் வழியாக வந்தால் பாக்கராப்பேட்டை மலைப்பாதை. இந்த இரண்டு வழிக்கும் நடுவில், சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் மேற்கே கிடப்பதுதான் சாமளாக் காடு. செஞ்சந்தனம் விளைகிற மண். கோடையில் பாறை காய்ந்து நெருப்பாகச் சுடும். கல்யாணி ஆறு அந்தப் பக்கத்தில் ஓடி சொர்ணமுகியில் சேருகிறது. இன்று திருப்பதிக்குத் தண்ணீர் தரும் கல்யாணி அணை ஆண்டர்சன் வேட்டையாடிய நாளில் கிடையாது. அது 1970-களின் கடைசியில் வந்தது. அன்றைக்கு இதெல்லாம் சென்னை ராஜதானியைச் சேர்ந்த சித்தூர் மாவட்டம். 1911-ல் உண்டான மாவட்டம் அது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்தக் காட்டின் பெரும் பகுதி அதோடு போய்விட்டது.

ஆண்டர்சனின் முதல் வேட்டைப் புத்தகம் 1954-ல் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு வெறி யானையும் என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் சாமளாப் பள்ளத்தாக்கின் புலி. பின்னால் எழுதிய புத்தகங்களில் மாமண்டூர்ப் புலி வருகிறது; உம்பலமேரு வருகிறது. நாகப்பட்லா, ரங்கம்பேட்டை, புலிபோனு என்று அவர் குறிப்பிடும் இடங்கள் இன்றும் அதே பெயரோடு இருக்கின்றன. புலிபோனு என்றால் தெலுங்கில் புலிக்கூண்டு. வெள்ளைக்காரன் எழுதியதில் ஊர்ப் பெயர் சிதையாமல் இருப்பது அபூர்வம். ஆண்டர்சனிடம் அது இருந்தது. தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர். பென்னாகரத்து ரங்கனும், காட்டையே வீடாகக் கொண்ட பூசாரி பைரனும் அவருக்கு வழிகாட்டிகள் மட்டுமல்ல, சிநேகிதர்கள். பைரனுக்கு ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துத் துரைமார் எழுத்தில் கூலிக்காரனுக்குப் பெயரே இராது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

வேலை முறை எளிது, ஆனால் உயிரைப் பணயம் வைப்பது. எருமைக்கன்றுகளைப் பல இடங்களில் கட்டுவது. எதைப் புலி அடித்ததோ அதற்கு மேலே மரத்தில் பரண் கட்டி இரவெல்லாம் அசையாமல் உட்காருவது. பீடி, இருமல், பேச்சு எதுவும் கூடாது. துப்பாக்கிக் குழலோடு சேர்த்துப் பொருத்திய டார்ச் விளக்கு ஒன்று. இரை அசையும் சத்தம் கேட்டதும் விளக்கை அழுத்த வேண்டும், கண் தெரிந்ததும் விசையை அழுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

(அந்தக் காட்டில் துப்பாக்கிச் சத்தம் ஆண்டர்சனோடு நின்றுவிடவில்லை. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இதே சந்திரகிரிப் பக்கத்தில்தான் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்.)

துப்பாக்கியை எப்படி அடையாளம் காண்பது?

கர்ணன் எடுத்த கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடிலீவர் துப்பாக்கியின் அமைப்பைச் சொன்னால் சட்டென்று புரியும். விசைக்குக் கீழே, விரல்கள் நுழையும் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். காலித் தோட்டா வெளியே துள்ளும், பின்னால் இருக்கும் குதிரை ஏறி நிற்கும், புதுத் தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கட்டையைத் தோளில் இருந்து எடுக்க வேண்டியதில்லை. கண்ணைக் குறியில் இருந்து விலக்க வேண்டியதில்லை. கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு நொடி வேலை.

வின்செஸ்டர் கம்பெனி இப்படிப்பட்ட துப்பாக்கிகளை 1866, 1873, 1876, 1886, 1892, 1894 என்று வரிசையாகக் கொண்டு வந்தது. அவற்றிலெல்லாம் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கூர்முனைத் தோட்டாவைப் போட்டால், சுடும் அதிர்ச்சியில் பின் தோட்டாவின் முனை முன் தோட்டாவின் மருந்துக் குமிழைக் குத்திவிடும். அதனால் முனை மழுங்கிய குண்டுகளே போட முடிந்தது.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஜான் பிரவுனிங். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர், துப்பாக்கி உலகத்தின் விசுவகர்மா. அவர் அமைத்த 1895 மாடலில் அடிக்குழாய் கிடையாது. லீவருக்கு முன்னால், துப்பாக்கியின் வயிறு போலப் புடைத்துக்கொண்டு ஒரு பெட்டி இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கும். எனவே பழைய புகைப்படத்தில் லீவரும் தெரிந்து, அதற்கு முன்னால் இந்த வயிறும் தெரிந்தால், அது 1895 மாடல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வின்செஸ்டர் லீவர் வரிசையில் பழைய மாடல்கள் எதற்கும் இந்த உருவம் இல்லை.

405 தோட்டாவை 1904-ல் கொண்டு வந்தார்கள். 300 கிரெயின் எடையுள்ள குண்டு, விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகம். சுடும்போது தோளை இடிக்கிற இடியில் புதியவர்களுக்கு மறுநாள் கை தூக்க முடியாது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து 1909-ல் பதவியை விட்ட தியோடர் ரூஸ்வெல்ட், அதே ஆண்டு மகனை அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது எடுத்துச் சென்றது இந்த 405-ஐத்தான். அதன் பிறகு இதற்கு உலகப் புகழ். இந்தியாவுக்கு இது ஏற்றதாக இருந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. ராணுவத் துப்பாக்கியின் தோட்டா கலகக்காரர் கையில் சிக்கிவிடும் என்று பயந்த பிரிட்டிஷ் சர்க்கார், 1907 வாக்கில் 450 போர் ரைபிள்களை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. 405-க்கு அந்தத் தடை இல்லை.

வயது பார்க்கும் வித்தை

ஜாதகத்தில் பிறந்த நாள் இருப்பது போலத் துப்பாக்கியில் இருப்பதில்லை. குழலின் மேலேயும் உடலின் மேலேயும் கம்பெனி பெயர், ஊர்ப் பெயர், பேட்டண்ட் தேதி என்று எழுத்துகள் கிடக்கும். ஏமாறுகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். 1895 நவம்பர் 5 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, துப்பாக்கி அன்று செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அது பிரவுனிங்குக்கு உரிமை பதிவான தேதி. அதே தேதி பல ஆண்டுகள் கழித்துச் செய்த துப்பாக்கியிலும் இருக்கும். 1895 என்ற மாடல் எண்ணும் அப்படியே. பத்து ஆண்டு, இருபது ஆண்டு பின்னால் பிறந்ததற்கும் 1895 மாடல் என்றே பெயர்.

விஷயம் தெரிந்தவர் வேறு மாதிரி யோசிப்பார். போர் 405 என்றால் 1904-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. குழலிலும் உடலிலும் முட்டை வடிவக் கட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்து சேர்ந்த சோதனை முத்திரை இருந்தால் அது 1905-க்குப் பின்னால் பட்டறையை விட்டு வந்தது. இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கும் அமைப்பு இருந்தால் 1910-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ. இந்த மாடலில் முதலில் வந்த சுமார் 5,000 துப்பாக்கிகளுக்கு உடலின் பக்கங்கள் சப்பட்டையாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். பின்னால் வந்தவற்றில் பக்கங்களில் செதுக்கிய வளைவு உண்டு. சப்பட்டை உடலோடு 405 குழல் சேர்ந்திருந்தால் சேகரிப்பவர் புருவம் உயரும். உடல் 1890-களைச் சேர்ந்தது, குழல் 1904-க்குப் பிந்தியது. எவரோ இடையில் குழலை மாற்றியிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது அடிப்புறத்தில் பொறித்த வரிசை எண். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் கோடி நகரில் ஒரு துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பேரேடுகள் அங்கே பத்திரமாக உள்ளன. 1895 மாடலுக்கு ஏறத்தாழ முதல் அறுபதாயிரம் எண்கள் வரை பேரேடு இருக்கிறது. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தத் தேதியில் கிடங்குக்கு வந்தது, என்ன போர், எவ்வளவு நீளக் குழல், எப்போது வெளியே போனது என்று எழுதித் தருவார்கள். நம் ரெயில்வே பார்சல் ஆபீஸ் பதிவேட்டைப் போலத்தான். எழுதி வைத்த குமாஸ்தா போய்ச் சேர்ந்து நூறு ஆண்டு ஆனாலும் அவர் எழுத்து சாட்சி சொல்கிறது.

இந்த மாடலில் மொத்தம் செய்தது சுமார் 4,26,000. அதில் ஏறக்குறைய 2,94,000 முதல் உலகப் போர் காலத்தில் ருஷிய மன்னரின் படைக்குப் போய்விட்டது. அவற்றின் போர் வேறு. தோட்டாக் கட்டை மேலிருந்து திணிக்க இரும்புக் காடி இருக்கும். ருஷிய எழுத்து முத்திரையும் உண்டு. அதை 405 என்று யாரும் விற்க முடியாது. 1940 அளவில் பழைய உற்பத்தி அடியோடு நின்றது.

இந்தியாவுக்கு வந்த துப்பாக்கிகளில் இன்னும் சில தடயங்கள் இருக்கும். இங்கிலாந்து வழியாக விற்பனைக்கு வந்திருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலை குழலில் தன் முத்திரையைக் குத்தியிருக்கும். 1925-ம் ஆண்டு விதிகளின்படி குத்தியதாக இருந்தால், இது இங்கிலாந்தில் செய்தது அல்ல என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் சேர்ந்திருக்கும். பழைய துப்பாக்கி மறுபடி கைமாறும்போதும் இதைக் குத்துவதுண்டு. ஆகவே அது செய்த காலத்தைக் காட்டாது, சோதனைக்கு வந்த காலத்தையே காட்டும். அதே போலச் சென்னை மவுண்ட் ரோடு பி.ஓர் அண்ட் சன்ஸ் என்று குழலில் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. கடிகாரக் கடையாகவே நமக்குத் தெரிந்த அந்த நிறுவனம் அந்நாளில் துப்பாக்கியும் விற்றது. பெயர் விற்றவருடையது, செய்தவர் வேறு. சுவர்க் கடிகாரத்தில் கடைப் பெயர் இருப்பது போல.

இன்னொரு எச்சரிக்கை. இன்று பளபளவென்று ஒரு 1895 மாடல், 405 போர் என்று ஒருவர் படம் காட்டினால், குழலில் ஜப்பான் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜப்பானின் மிரோகு கம்பெனி 1980-கள் முதல் இந்த மாடலைப் புதிதாகச் செய்து தருகிறது. நியூஹேவன் நகரத்துப் பழைய வின்செஸ்டர் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டுவிட்டது.

கதையும் காகிதமும்

சேகரிப்பவர்கள் இரும்புக்கு ஒரு விலை கொடுப்பார்கள்; கதைக்குப் பத்து விலை கொடுப்பார்கள். அதனால் கதைக்குக் காகிதம் வேண்டும். வடக்கே குமாவுன் மலையில் வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் ரிக்பி ரைபிள் இதற்கு நல்ல உதாரணம். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் அவர் சுட்டதற்காக ஐக்கிய மாகாண கவர்னர் பரிசாகத் தந்தது அது. கட்டையில் வெள்ளித் தகடு பதித்து விவரம் பொறித்திருக்கிறது. அவருக்குப் பின் அவருடைய புத்தகப் பதிப்பாளர்களான ஆக்ஸ்போர்டு நிறுவனத்திடம் இருந்து, 2015-ல் மறுபடி ரிக்பி கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. தகடு, பேரேடு, கைமாறிய வரலாறு மூன்றும் பொருந்துவதால் அதில் யாரும் சந்தேகம் கிளப்ப முடியாது.

ஆண்டர்சனின் 405-க்குக் கவர்னர் தந்த தகடு எதுவும் கிடையாது. அவர் புத்தகங்களே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில கதைகளில் பேயும் மந்திரமும் கலந்திருக்கிறது. அவருக்கு அமானுஷ்ய விஷயங்களில் நாட்டம் இருந்தது. புலிகளும் கொஞ்சம் நாடகத்தனமாகவே வருகின்றன. ஆனால் 1939 முதல் 1966 வரை அரசாங்கப் பதிவில் அவர் பெயரில் ஆட்கொல்லிச் சிறுத்தைகள் எட்டு, ஆட்கொல்லிப் புலிகள் ஏழு இருக்கின்றன. இருபத்தேழு ஆண்டில் பதினைந்து. அதற்கு மேலும் பல என்று ரசிகர்கள் சொல்வது ஊர்ப்பேச்சு. கதை சொல்லும்போது அவர் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால் சர்க்கார் குமாஸ்தா எழுதிய பதினைந்தில் மசாலா இல்லை. உற்பத்தி நின்று போன பழைய ரகத் துப்பாக்கியை நம்பிப் பரணில் ஏறிய ஓர் ஆபீஸ்காரருக்கு அந்தக் கணக்கே போதுமானது.

நம்மவர்கள் வீட்டுப் பரணிலோ, வேலை செய்யும் பண்ணையின் பழைய அறையிலோ இப்படி ஒரு துப்பாக்கி அகப்பட்டால் என்ன செய்வது? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தாத்தா காலத்தது என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடாது. 2019-ல் வந்த திருத்தம் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். முதல் வேலை போலீஸ் நிலையத்தில் தெரிவிப்பது. அதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தும் முத்திரையும் தேய்ந்துபோனால் அதன் வரலாறே போயிற்று, விலையும் போயிற்று.

ஆண்டர்சன் கடைசிக் காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக் கேமராவை அதிகம் தூக்கினார். முன்பு இரவெல்லாம் சத்தம் கேட்ட காடுகள் ஊமையாகிப் போனதைப் பார்த்து வருந்தி எழுதினார். 1970-ஐ ஒட்டிப் புலிவேட்டை தடை செய்யப்பட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆட்கொல்லி என்றாலும் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு தராமல் சுட முடியாது என்றாயிற்று. அடுத்த ஆண்டு புலித் திட்டம் தொடங்கியது. சாமளாப் பக்கத்துக் காடு 1989-ல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவில் சேர்ந்தது.

கடைசியில் ஆண்டர்சனுக்குப் புற்றுநோய் கண்டது. 1974-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி பெங்களூரில் காலமானார். வயது 64. அவருடைய கடைசி வேட்டைப் புத்தகம் அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து, 1976-ல் அச்சாகி வெளிவந்தது. தகப்பனோடு காடு சுற்றிய மகன் டொனால்ட் பெங்களூரிலேயே வாழ்ந்து 2014-ல் மறைந்தார்.